பேசாமல் கொடுத்த உப்பு

என் தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனார் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எங்கே போய்ச் சண்டை போட்டார் என்பதில்தான் குழப்பம். பெரியப்பா பர்மா என்பார். அத்தை சிங்கப்பூர் என்பார். போர் தொடங்கியதும் ஆள் காணாமல் போனார், முடிந்ததும் வந்து நின்றார். வரும்போது மடியில் பணம் இருந்தது. வந்த சூட்டோடு வடக்கனந்தலில் மூன்று ஏக்கர் நஞ்சை வாங்கினார். அதற்கு முன்னால் அவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு வேட்டிதான் என்று ஊரில் சொல்வார்கள்.

பணம் எப்படி வந்தது என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. ஊர் அந்தக் குறையை வைக்கவில்லை. விமானத்திலிருந்து விழுந்த பெட்டி என்று ஒரு கட்சி, மலையில் எடுத்த புதையல் என்று இன்னொரு கட்சி. புதையல் கட்சிக்கு எப்போதும் பெரும்பான்மை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, மகளைப் பெண் கேட்டு மணலூர்பேட்டையிலிருந்து வந்த நாள்வரை.

வீட்டைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள், கேசரியை இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க. கடத்தெருவுல விசாரிச்சேன். உங்க நெலம் புதையல் காசுன்றாங்க. பூதம் காத்த காசு மூணாந் தலைமுறைல திருப்பிக் கேக்கும்பாங்க. எம்புள்ள கிட்ட வந்து கேட்டுச்சுன்னா இன்னா பண்றது?"

மூன்றாம் தலைமுறை நான்தான். எனக்கு ஏற்கனவே சர்க்கரை இருந்தது. அன்றிலிருந்து பூதமும் சேர்ந்துகொண்டது.

அவர்கள் போனதும் மகள் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, எங்களுக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பிருந்தே பிடித்திருந்தது.

"அந்தக் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிப்பா. இந்த எடம் நின்னு போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்."

முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க தாத்தா எந்தப் படைல இருந்தாருங்க?"

"அதக் கேக்கத்தாங்க வந்தேன்."

"பேராவது நமக்குத் தெரியுமாங்க?"

"அவர் பேரு தெரியும்."

தாத்தாவின் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் வந்த முதல் ஆள் நான் இல்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

மிச்சமிருந்த துப்பு ஒன்றே ஒன்று: உப்பு. ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு எங்கள் குடும்பம் ஒரு மூட்டை கல்லுப்பு கொண்டுபோய் இறக்கும். அப்பா செய்தார், அவருக்குப் பிறகு நான். ஏன் என்று கேட்டபோது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "மூட்டைய எறக்கு. குடுக்கற தண்ணியக் குடி. வாயத் தொறக்காம வந்துடு. தாத்தா உத்தரவு." ஏதோ வேண்டுதல், பேசினால் பலிக்காது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். பூதத்துக்கு உப்பு பிடிக்குமா என்று இப்போதுதான் யோசித்தேன்.

இந்த முறை வாயைத் திறப்பது என்று தீர்மானித்தேன். அதைப் பையனின் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். "நானும் வரேங்க, காதால கேட்டுட்டா மனசு ஆறும்" என்றார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எனக்கு முன்பே வந்து சன்னல் ஓர இருக்கைக்குத் துண்டு போட்டிருந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது வளைவுக்கு ஒன்றாக எனக்கு யோசனைகள் வந்தன. தாத்தா கொலை செய்திருப்பார். அடுத்த வளைவில், கோயில் நகையைத் திருடியிருப்பார். அதற்கடுத்த வளைவில், மலையில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கும், என் மூக்கோடு நாலு பேர் வந்து வரவேற்பார்கள். வயிற்றைப் புரட்டியது. பையனின் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். "மோந்துகினே வாங்க. கீழ மட்டும் பாக்காதீங்க." அவர் சொல்லும்வரை எனக்குக் கீழே பார்க்கும் எண்ணமே இல்லை. பார்த்தேன்.

அந்த வீட்டுப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கினேன், செம்பில் தண்ணீர் வந்தது, குடித்தேன். இந்த இடத்தில் நான் திரும்பிப் போக வேண்டும். கால் பழக்கத்தில் திரும்பவும் செய்தது. பையனின் அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"எதுக்குங்க இந்த உப்பு?" என்றேன்.

அந்தப் பெண்மணியின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"ஏங்க, ஓடியாங்க! உப்புக்காரரு பேசறாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம், "உங்கப்பாவும் பேச மாட்டாரு, நீங்களும் பேச மாட்டீங்க. பரம்பரையா ஊமைன்னு நெனச்சிக்கினு இருந்தோம்ணா. எங்க மாமியா உங்களுக்காக கோயில்ல வேண்டிக்கினாங்க."

பையனின் அப்பாவுக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை. "இவுரு தாத்தா இங்க புதையல் எதனா எடுத்தாராம்மா?"

"புதையலா? ராத்திரில ஒண்ணுக்குப் போவவே தொணைக்கு ஆள் கூப்புடுவாராம் அந்த மனுசன்." அவர் உப்பு மூட்டையைத் தட்டினார். "இதுக்கே எங்கூர்ல பயந்தவரு உப்புன்னுதான் பேரு."

கதையை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கீழே ஒரு புரளி கிளம்பியிருக்கிறது. தாத்தா அன்றே மலையேறிவிட்டார். அந்தப் பெண்மணியின் கணவருடைய தாத்தா வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார். நாய் குரைத்தால் தாத்தா மரத்தில் ஏறிக்கொள்வாராம். சும்மா சாப்பிட வெட்கப்பட்டு அவர்களோடு கடுக்காய் பொறுக்கப் போயிருக்கிறார். சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலைப் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். விலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மலைக்காரர்களுக்கு அது தெரியாது. வியாபாரி மூட்டைக்குப் படி உப்பு கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருந்தான். தாத்தாவுக்கு விலை தெரியும், ஆனால் வியாபாரி காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று பயம்.

"அதனால பொதருக்குள்ள உக்காந்துகினு வெல பேசுவாராம். 'கம்மியாக் குடுக்காதடா'ன்னு கொரலு மட்டும் வரும். யாவாரி சாமின்னு நெனச்சி ஜாஸ்தியாவே குடுத்தானாம். வந்ததுல ஒரு பங்கு அவருக்குக் குடுத்தாங்க."

உப்பு கிடைக்காத அந்த நாளில் தங்கள் கஞ்சியில் இருந்த உப்பை அவருக்கும் போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது, வருடா வருடம் உப்பு வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அவரப் புடிக்க யாருனா வந்தாங்களா?" என்றேன்.

"யாரும் வரலண்ணா. சண்டை முடிஞ்சிடுச்சுன்னு போய்ச் சொன்னப்பகூட, 'நல்லா விசாரிச்சீங்களா'ன்னு கேட்டாராம்."

வாயைத் திறக்காதே என்ற உத்தரவு எந்தச் சாமிக்காக என்று அப்போது புரிந்தது. இரண்டு தலைமுறை ஊமையாக நின்று அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறோம். நான் ஒரே கேள்வியில் போட்டு உடைத்துவிட்டேன், அதுவும் பெண் எடுக்க வந்தவர் முன்னால்.

பையனின் அப்பா எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். பேருந்து நிற்கும் இடம்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பூதம் இருந்த வம்சம் தேவலை என்று நினைத்துவிட்டார் போல. மகளிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எல்லா ஒத்திகையிலும் அவள் கதவைச் சாத்தினாள்.

"எங்க தாத்தா நெசமாவே பட்டாளத்துக்குப் போனாருங்க" என்றார் திடீரென்று. "ரொம்ப தைரியசாலி. தானாப் போய்ப் பேரு குடுத்தாரு."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"திரும்பி வரல. எங்காயா கைக்கொழந்தையோட களையெடுக்கப் போச்சு. எங்கப்பன் அவங்கப்பன் மூஞ்சியப் பாத்ததே இல்ல." வேட்டியை மடித்துக் கட்டினார். "எம்புள்ளயும் அதே மாதிரி. பைக்க எடுத்தான்னா கண்ணு மண்ணு தெரியாது. வூட்ல யாராவது பயப்படறவங்க ஒருத்தர் வேணும். உங்க பொண்ணு பயப்படுமா?"

"எங்க குடும்பத்துல பயப்படாதவங்க யாரும் இல்லீங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பெருமையாகச் சொன்னேன்.

பேருந்து வந்தது. இந்த முறை சன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். முதல் வளைவு திரும்பியதும் என் பக்கம் கையை நீட்டினார்.

"சம்பந்தி, அந்த எலுமிச்சம்பழத்த இப்படிக் குடுங்க."