இக்னேசியஸ் அடைத்த சுவர்

கந்தப்பளைக் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதும் இக்னேசியஸுக்குக் கோயில், தேவாலயம் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரே வாரத்தில் மாதாவுக்கு நீலச் சேலையும் மாரியம்மனுக்கு மஞ்சள் சேலையும் தீட்டிவிட்டு, இரண்டு இடத்துச் சோற்றையும் ஒரு கை பார்க்கிற மனிதர். நாற்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்துக் கூலிவீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர். வெறும் சுவரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

போன கார்த்திகை மழையில் தோட்டத்து மேல் மலை சரிந்து மூன்றாம் லயத்தை மூடியது. அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். ஒன்பது பேர் செத்துப்போனார்கள். எட்டு உடல்கள் கிடைத்தன. கொழுந்து பறிக்கும் காளியாயி மட்டும் கிடைக்கவில்லை.

தப்பியவர்களையும் பக்கத்து நாலாம் லயத்து ஆட்களையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். செத்தவர்களுக்கு விளக்கேற்றி வைக்க ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அதனால் இக்னேசியஸிடம் வந்து முகங்களை வரைந்து தரச்சொல்லிக் கேட்டார்கள். அவர் வெள்ளைத் துணியில் ஆளுயரத்துக்கு வரைந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஷாமிலா அதைப் பார்த்துவிட்டு, “இத இங்க வச்சு அழுதா நம்மளோட போயிரும் சேர். டவுனுக்குக் கொண்டு போவோம்” என்றாள்.

கொண்டு போனார்கள். நுவரெலியாவில் பஸ்கள் நின்றன. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு வரி: ‘காலையில் இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.’ சிங்களக் கடைக்காரர்கள் கடையை விட்டிறங்கி வந்து வாசித்தார்கள். இக்னேசியஸ் மைக்கைப் பிடித்தார். பூசையில் வாசகம் படித்துப் பழகிய குரல். எங்களை மறுபடி அந்த மலைக்கடியில் தள்ளாதீர்கள், பத்திரமான இடத்தில் காணி கொடுங்கள் என்று அவர் கேட்டபோது அழாதவர்கள் குறைவு. பத்திரிகையில் படம் வந்தது. தோட்டத்துச் சனம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

துணிகள் மொத்தம் எட்டு. காளியாயியை அவர் வரையவில்லை. உடல் கிடைக்காததால் அவள் புருஷன் செல்லசாமியின் மனம் நோகாமல் விட்டுவைத்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எவ்வளவு நல்ல மனசு என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் சும்மா இருந்தார். சும்மா இருந்தது பொய் சொன்னதைவிட மோசம் என்று அவருக்குத் தெரியும்.

மலை சரிவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் லயங்களைப் பார்க்க வருகிறார்களாம். மூன்றாம் லயத்திலும் நாலாம் லயத்திலும் பின்சுவர் வெடித்திருந்தது. “வெடிப்ப அடைச்சிட்டு, மேல நல்லதா நாலு குருவி போடு இக்னேசியஸ்” என்றார் துரை. மூன்று நாள் கெடு. இரண்டு மூட்டை சீமெந்து. வெடிப்போ கையை விட்டால் முழங்கை வரை போனது. சீமெந்து போதாது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பயந்தார். வெற்று உரப்பைகளைச் சுருட்டி உள்ளே திணித்தார். மேலே விரல் கனத்துக்குப் பூசினார். அதன்மேல் கொண்டைக்குருவிகளைப் பறக்கவிட்டார்.

திணிக்கும்போது முதுகுக்குப் பின்னால் கொழுந்துக் கூடையோடு காளியாயி நின்றாள்.

“தம்பி, முன்னாடி ஈக்குச்சிதான் போச்சு. இப்ப கையே போகுது. அத மூடிட்டீங்கன்னா பெருசாகிறது எங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“பயப்படாதீங்கக்கா. நல்லா எறுக்கித்தான் அடைக்கிறேன்.”

அவள் உரப்பைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் மலை சரிந்த பிறகு அவர் முதுகை விட்டு அவள் போகவேயில்லை. தூரிகையை எடுத்தால் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். ஈரக் கூடையின் வாடை வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். காளியாயியின் துணியை விரித்து வைத்து ஐந்து தடவை உட்கார்ந்தார். ஐந்து தடவையும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மாசியில் கொழும்பிலிருந்து விசாரணைக் குழு வந்தது. தலைமை தாங்கிய அம்மையார் தமிழும் கொஞ்சம் பேசுவார். நாலாம் லயத்துக்குப் பத்தொன்பது குடும்பங்கள் திரும்பிப் போவதா இல்லையா என்பதுதான் கேள்வி. துரை குழுவை அந்த லயத்துப் பின்சுவருக்கே கூட்டிப் போனார். இருந்த சின்னக் கீறலை மேசன் வைத்து முறையாகத் திருத்தியாயிற்று, மூன்றாம் லயத்துக்கு நடந்தது இயற்கை அனர்த்தம், இந்த லயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார். சுவரில் குருவிகள் பளிச்சென்று இருந்தன. “லஸ்ஸனய்” என்று சிங்களத்தில் மெச்சினார் அம்மையார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

சனத்தின் சார்பில் பேச இக்னேசியஸை முன்னால் தள்ளினார்கள். அவர் குருவிகளுக்கு முன்னால் போய் நின்றார். பின்னால் ஈரக் கூடையோடு அவள் நின்றாள். இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு அலவாங்கு குடுங்க” என்றார்.

யாரோ அந்த இரும்புக் கடப்பாரையைக் கொடுத்தார்கள். குருவியின் நெஞ்சிலேயே குத்தினார். பூச்சு பலகாரம் மாதிரி உடைந்து விழுந்தது. கையை விட்டு இழுத்தார். ஊறிப்போன உரப்பை ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது பையோடு சேறும் தண்ணீரும் கொட்டி அவர் காலை நனைத்தது.

“இது மேசன் வேல இல்லிங்கம்மா. என் வேல. மூணாம் லயத்துலயும் இப்புடித்தான் அடைச்சேன். அடைக்கச் சொன்னது தொரை. பைய வச்சது நான்.”

அம்மையார் தன் கையை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். முழங்கைக்கு மேலும் போனது. நாலாம் லயத்துக்கு ஒருவரையும் அனுப்பக்கூடாது என்று அங்கேயே எழுதச் சொன்னார். துரை எதையோ சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

சனம் கைதட்டவில்லை. இக்னேசியஸ் நடந்தபோது ஒதுங்கி வழிவிட்டது. “இத்தன நாள் மைக் புடிச்சுப் பேசினீங்களே சேர், இத ஏன் சொல்லல?” என்று ஷாமிலா கேட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

கீழே தண்ணீர்ப் பீலியில் செல்லசாமி கால் கழுவிக்கொண்டிருந்தார். இக்னேசியஸ் அவர் பக்கத்தில் போய் நின்றார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனார்.

“அண்ணே, அக்கா அன்னிக்கு நான் பை வைக்கிறதப் பாத்தாங்க. வேணாம்னாங்க.”

“தெரியும். வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் சொன்னா. பைய வச்சு அடைக்கிறாரு, இனி இங்க இருக்க வேணாம், நானுஓயாவுல எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்னா.” செல்லசாமி காலைக் கழுவுவதை நிறுத்தவில்லை. “நான் நம்பல. இக்னேசியஸ் நம்ம லயத்துல பொறந்த புள்ள, நமக்கு அப்புடிச் செய்ய மாட்டாருன்னேன். அவ விடல. செஞ்சாரு, என் கண்ணால பாத்தேன்னா.”

பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஒங்க பேர இழுத்துப் பேசுறாளேன்னு கை நீட்டிட்டேன் தம்பி. கட்டி முப்பது வருசத்துல அன்னிக்கு ஒரு நாளுதான் அவள அடிச்சேன்.”