வாடை இல்லாத படகு

படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. மூக்கு பெரிதென்று நினைத்துவிட வேண்டாம், அளவான மூக்குதான். படகில் கால் வைத்ததுமே எந்தக் குழாய் கசிகிறது, எந்த டேங்கில் பழைய பெட்ரோல் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். இருபது வருஷமாக இன்ஜினைப் பிரித்து மாட்டியதில் வந்த வித்தை. பாராட்டுவதில் மட்டும் மகா கஞ்சம். தம்பி முதன்முதலில் தனியாகப் படகைக் கரை சேர்த்த அன்றுகூட, "கயிற ஒழுங்காக் கட்டினியா?" என்றுதான் கேட்டாள்.

அந்தத் தம்பிதான் இப்போது ஏரியில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறான். படகுக்கும் ஏறக்குறைய அவன் வயது. வருஷா வருஷம் அதிகாரி வந்து ஒரு சுற்று போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். போன வருஷமே, "உள்ளே பெட்ரோல் வாடை. அடுத்த முறை இருக்கக் கூடாது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். உரிமம் போனால் தம்பியின் பிழைப்பும் போச்சு.

சோதனைக்கு நான்கு நாள் முன்பு, புதுப் பெயிண்ட் பூசி மாப்பிள்ளை மாதிரி நின்றது படகு. அவள் ஏறி மூக்கை உறிஞ்சினாள்.

"பரவால்லடா, வாடையே இல்ல. கெட்டிக்காரன்தான்!"

தம்பிக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கே வினை ஆரம்பித்தது. கால் மணி நேரம் சுகமாக ஓடும், நடு ஏரியில் விக்கி நின்றுவிடும். சற்று விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். அவள் விடுவாளா? பில்டரை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழுவினாள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸையே புதிதாக்கினாள். படகு அசரவில்லை. தம்பி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சோதனை நாள் காலை எட்டு மணிக்கும் நடு ஏரியில் நின்றது. ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பைப் பிடித்துப் பார்த்தாள், சப்பிக் கிடந்தது. சட்டென்று டேங்க் மூடியைத் திருகினாள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"டேங்குக்குக் காத்தே போகலடா! காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வெளிய வரும்? காத்துக் குழாய் எங்க?"

தம்பி பயணிகள் இருக்கைக்குப் பக்கத்தில் கை காட்டினான். துளையில் மெழுகை அடைத்து, மேலே அழகாகப் பெயிண்டும் பூசியிருந்தான்.

"இது வழியாத்தான வாடை வருது. கூடாதுன்னு எழுதிட்டாருல்ல, அதான்."

"நாலு நாளா நான் நாயா அலையறேன், வாயில என்ன பூட்டா?"

"நேத்தே சந்தேகம் வந்துச்சுக்கா. ஆனா நீ கெட்டிக்காரன்னு சொன்னியே. இத்தனை வருஷத்துல முதல் தடவை. அப்புறம் எப்படிச் சொல்றது?"

திட்ட வாயெடுத்தவளுக்குத் தன் தப்பும் உறைத்தது. பழைய பெட்ரோல் படகில் திடீரென்று வாடையே இல்லையென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டிய மூக்கு அவளுடையது. அதுவும் பெயிண்டைப் பார்த்து மயங்கித்தான் போயிருந்தது.

அடைத்த குழாயைப் பிடுங்கினாள். வீணாகக் கழற்றிப் போட்ட பழைய ஹோஸ் நல்லவேளையாகப் படகிலேயே கிடந்தது. அதை டேங்கின் காற்றுத் துளையில் மாட்டி, பின்முனை வரை இழுத்து, வெளியே பார்க்கக் கட்டினாள். வாடை இனி படகுக்குப் பின்னால் போய்க்கொள்ளும்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நான்கு இடத்தில் மோந்து பார்த்தார். நடு ஏரியில் தம்பி சுக்கானை இறுக்கிப் பிடித்திருந்தான். படகு நிற்கவில்லை. திரும்பும்போது காற்று குறுக்கே அடித்தும், இடிக்காமல் பூப்போலக் கரையில் கொண்டுவந்து சேர்த்தான். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"ரொம்ப நல்லா ஓட்டினடா" என்றாள் அவள். "இத நிஜமாத்தான் சொல்றேன்."

தம்பி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான். படகு மெல்லக் கரையை விட்டு நகர்ந்தது. கயிற்றைக் கட்டவே இல்லை, மடையன்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்துத் தானே கட்டினாள்.