ஆயிரம் மீட்டருக்கு மேல் நீ

என் மனைவி என்னை முதன்முதலாக 'நீ' என்று சொன்னது கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நாற்பது மீட்டர் உயரத்தில். உயரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. எங்களோடு வந்த, நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தன் சட்டைப் பையிலிருந்த வட்டமான உயரமானியை, என் பதற்றத்தைத் தணிப்பதற்காகவோ என்னவோ, ஏறத் தொடங்கும்போதே என் கையில் கொடுத்திருந்தார். பாதையின் ஓரம் ஒரு பாறை, பாறையில் வழி காட்ட அடித்த சிவப்புச் சாயம், அதன் கீழே குழாய் வைத்து விட்ட ஊற்றுநீர். அங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டு நடந்தோம். இருபது அடி தள்ளிப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ ஏன் இவ்வளவு வேகமா நடக்கறே?"

திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து கிடந்தது. ஏறிய களைப்பா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அது அறுபதுகளின் பிற்பகுதி. மியூனிக்குக்கு வடக்கே கார்ஹிங்கில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. நகரத்தில் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அவள் கல்யாணமாகி ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, மேடு என்றால் வாய்க்கால் கரையைத் தவிர வேறு பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு கோயில் கிடையாது. மாடிப்படியில் எங்களைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி 'ஹெர் டாக்டர்' என்பார். ஒரு வருடமாக, அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. ஒரு கோடையில் அவராகவே வந்து, மலையைப் பார்க்காமல் இந்த ஊரில் இருப்பது பாவம் என்று சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டார்.

மலைப்பாதைகளை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார். முதலாவது குழந்தை வண்டி வழி: அகலமாக, சரளை போட்டு, ஏரிக்கரையோடோ காட்டின் ஓரமாகவோ போகும். இரண்டாவது பேச்சு வழி: ஏறலாம், ஆனால் ஏறிக்கொண்டே பேசவும் முடியும், பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது கை வழி: பாறையைப் பிடித்தும், அடித்து வைத்திருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்தும் போக வேண்டியது. கை வழி தொடங்கும் இடங்களில், பழகியவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்திருப்பார்கள். அதை முதல் தடவை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் கேட்டாள்: "பழகினவங்களுக்கு மட்டுமா? அப்போ நாம திரும்பிட வேண்டியதுதான். நமக்குக் கல்யாணம்தானே ஆச்சு, எப்போ பழகினோம்?"

சிவப்புச் சாயம் அடித்த அந்தப் பாறைக்குப் பக்கத்தில்தான் வீட்டுக்காரர் எங்களுக்கு மலையின் வழக்கத்தைச் சொன்னார். ஜெர்மன் மொழியில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே 'ஸீ' கிடையாது. மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் அங்கே 'டூ'தான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "என்ன சொல்றார்?" என்றாள். "இதுக்கு மேல யாரும் யாருக்கும் மரியாதை குடுக்க வேண்டியதில்லையாம்" என்றேன். அவள் இருபது அடி நடந்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி.

அன்று மேலே, கோடையில் மாடுகளோடு வந்து தங்குபவர்களின் மரக்குடிசையில், மோர் வாங்கிக் குடித்தோம். அவள் முந்தானை முடிச்சிலிருந்து உப்பை எடுத்துப் போட்டுக் குடித்துவிட்டு, "நீயும் போட்டுக்கோ" என்று நீட்டினாள். திரும்பி இறங்கினோம். "உனக்கு எப்பப் பார்த்தாலும் கவலை. நம்ம ரெண்டு பேருக்குக் குடை மூணு எதுக்கு? கடைசி ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு, நீ இப்பவே கடிகாரத்தைப் பார்க்கறே" என்று திட்டிக்கொண்டே வந்தவள், பாறையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அதே மூச்சில், "பார்த்து வாங்க, வழுக்கும்" என்றாள். நான் உயரமானியைப் பார்த்தேன். முள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அது எங்கள் சட்டமாகிவிட்டது. வீட்டில் 'என்னங்க', 'வாங்க', 'உங்க இஷ்டம்'. மேலே போனால் வேறொருத்தி. பகல் முழுக்க அந்த இரண்டு அறையில் அவள் எப்படித் தனியாக இருந்தாள் என்பதை நான் மேலேதான் தெரிந்துகொண்டேன். "நீ காலைல போனா சாயந்திரம் வரே. நான் ரேடியோவுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன், அதுக்கும் என் ஜெர்மன் புரியலை" என்றாள். அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தாள். அடுத்த வருடம் ஒரு குழந்தைகள் பள்ளியில் உதவிக்குச் சேர்ந்தாள். ஊருக்கு எப்போது திரும்புவது, என் தம்பியை இங்கே வரவழைப்பதா வேண்டாமா, எல்லாம் அங்கேதான் தீர்மானமாயின. ஒரு தடவை பேச்சு வழியில் நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, எதிரே வந்த இரண்டு கன்னியாஸ்திரீகள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். சேலைக்குக் கீழே கம்பளிக் காலுறையும் ஆண்கள் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒரு பெண் என் முன்னால் விரலை ஆட்டிக்கொண்டு போவதை அவர்கள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அதைவிடச் சந்தோஷமாக இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, மழை வருமா என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது கோடையில் அவள் பேச்சு வழியில் பேச்சை நிறுத்தினாள். முதலில் கோபம் என்று நினைத்தேன். வளைவுக்கு வளைவு நின்று, பூவைப் பார்ப்பதுபோலக் குனிந்தாள். நான் எதையும் எண்ணுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்தது: போன வருடம் மூன்று இடத்தில் நின்ற பாதையில் இந்த வருடம் பதினான்கு இடம். மருத்துவர் காதில் குழாயை வைத்ததுமே சொல்லிவிட்டார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறது. வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. கடுமையான ஏற்றம் கூடாது, குழந்தை கூடாது.

அதற்குப் பின் ஒவ்வொரு வழியாக இழந்தோம். முதலில் கை வழி போயிற்று, அடுத்த வேனிலில் பேச்சு வழி. குழந்தை வண்டி வழியில், வண்டியில்லாமல், ஏரிக்கரையோரம் நடந்தோம். ஏரி எழுநூற்றுச் சொச்சம் மீட்டர். அங்கே அவள், "குளிருதுங்க, திரும்பிடலாங்க" என்பாள். "அடுத்த வருஷம் ஜன்னல் வழிதான்" என்று ஒரு நாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "சட்டம் போட்டது நாமதானே, இங்கேயே சொல்லேன்" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "அதெப்படிங்க, வாயில வரமாட்டேங்குது" என்றாள். வராது என்பது உண்மைதான். அந்த உயரம் அவளுக்கு ஒரு சாக்கு மட்டும் அல்ல, அங்கே அவளுக்கு நிஜமாகவே வேறு நாக்கு இருந்தது.

அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை. செய்தால் நன்றாகலாம், மேசையிலேயே போய்விடவும் செய்யலாம். செய்யாவிட்டால் மெதுவாகக் குறைந்துகொண்டே வரும், சில வருடங்கள். எனக்குப் பயம். ஊருக்குக் கூட்டிப்போய், இருக்கிற வருடங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எத்தனையோ விதமாகக் கேட்டேன். "உங்க இஷ்டங்க." அடுத்த நாளும் அதேதான். அவளுடைய உண்மையான பதில் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருந்தது. அங்கே ஏற அவளால் முடியாது. கம்பியில் தொங்கி மலையேறும் இழுவை வண்டியில் சட்டென்று அந்த உயரத்துக்குப் போவதற்கும் மருத்துவர் சம்மதிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் போனேன். ரயிலிலேயே போகக்கூடிய உயரமான இடம் எது என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. மிட்டன்வால்டுக்கு முந்தின நிலையம், தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று மீட்டர் என்றார். "இந்தப் பக்கத்தில் எங்கள் ரயில்வே உங்களுக்கு அதற்கு மேல் தர முடியாது, ஹெர் டாக்டர். அறுபத்தேழு மீட்டர் கடன்" என்றார்.

போனோம். ஓர் அக்டோபர் மாதம், வெயில் நன்றாக இருந்தது. நடைமேடையில் ஒரு பெஞ்சு. எதிரே மலைத்தொடர் முழுவதும் துலக்கி வைத்ததுபோல நின்றது. நிலையத்துச் சுவரில் உயரத்தை எழுதியிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு, கணக்குப் போட்டு, என்னைப் பார்த்தாள். எதற்காகக் கூட்டி வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ரயில் வந்து போயிற்று.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றாள். "பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் பண்ணிக்கலாம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிக்கிட்டே போறது பிடிக்கலை. ஒரேயடியா ஏறணும், இல்லைன்னா வேண்டாம்."

நான் அதை மறுபடியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'நீ'யும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பேர் சொல்லாமல் ஒரு வீட்டையே நடத்தக் கற்றவர்கள். அறுபத்தேழு மீட்டர் குறைந்த இடத்தில் என்ன பேச வேண்டுமோ அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் பேசினாள். அப்படியே செய்வது என்று அங்கேயே முடிவாயிற்று.

மார்ச் மாதம் செய்தார்கள். பிழைத்தாள். மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீண்ட தழும்பு. அதை அவள் 'கை வழி' என்பாள். மெல்ல மெல்ல, வீட்டைச் சுற்றி, பூங்காவைச் சுற்றி, பிறகு ஏரிக்கரை. அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் மருத்துவர் ஏறலாம் என்றார். மறுநாளே கிளம்பினோம். வீட்டுக்காரர் முழங்கால் வலியால் வரவில்லை, உயரமானியை மட்டும் கொடுத்தனுப்பினார்.

அதே பாதை, பேச்சு வழி. அவள் முன்னால் போனாள். நன்றாகவே ஏறினாள், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பாறை வந்தது, சாயம் புதிதாக அடித்திருந்தார்கள். ஊற்றில் தண்ணீர் குடித்தோம். நடந்தோம். முதல் வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். எந்தத் திட்டாக இருந்தாலும் சரி என்று காத்திருந்தேன். குடைகூட மூன்று எடுத்து வந்திருந்தேன்.

"என்னங்க, அந்த மாடு பாருங்க, எவ்வளவு பெரிய மணி" என்றாள்.

மறந்திருப்பாள் என்று நினைத்தேன். உயரமானியைக் காட்டி, "ஆயிரத்து அறுபது" என்றேன். "தெரியுங்க" என்றாள். குடிசையில் மோர் வந்தது. உப்புப் போட்டு எனக்குக் கலக்கிக் கொடுத்தாள். நான் விடவில்லை. "ஏன் சொல்ல மாட்டேங்கறே? இதுக்குத்தானே வந்தோம்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீன்னு ஆரம்பிச்சா சண்டை போடத் தோணுதுங்க" என்றாள். "சண்டைக்கெல்லாம் இனிமே நேரம் இல்லை. குடிங்க."

மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் தோளைப் பார்த்தேன், பிறகு கழுத்தின் பக்கவாட்டைப் பார்த்தேன். நரம்பு வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. நன்றாக ஏறினாளே என்று நான் மகிழ்ந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. சில மாதங்களாகவே மூச்சு பழையபடி ஆகிவிட்டிருந்தது, மருத்துவரிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. சொல்லியிருந்தால் ஏற விட்டிருக்க மாட்டார்கள். ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று இருந்திருக்கிறாள். ஏறிய பிறகு, அங்கே எனக்குக் கிடைக்க வேண்டியதை மட்டும் தராமல் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பின் எட்டு மாதம் இருந்தாள். நாங்கள் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் சரி என்றாள், அவள் கேட்டதையெல்லாம் செய்தேன். கதவை மெதுவாகச் சாத்தினோம். அந்தத் தீபாவளிக்கு வந்திருந்த நம்மூர் மாணவர்களில் ஒரு பையன், "அண்ணி, உங்களை மாதிரி ஒரு couple பார்த்ததே இல்லை, perfect" என்றான். அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பிப்ரவரியில், மியூனிக்கின் ஐந்நூற்று இருபது மீட்டர் உயரத்தில், ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கடைசியாகத் தெளிவாகச் சொன்னது, "மஃப்ளரைச் சுத்திக்கிட்டுப் போங்க."

நான் ஊருக்குத் திரும்பவில்லை. வீட்டுக்காரரும் போய் வெகு காலமாகிறது. இப்போது இந்த நாட்டில் 'டூ'வுக்கு உயரம் தேவையில்லை. வங்கியில் இருக்கிற பெண், பல் மருத்துவரின் உதவியாள், எல்லோரும் எண்பதைத் தாண்டிய என்னை முதல் பார்வையிலேயே 'டூ' என்கிறார்கள். பாதைகளுக்கும் நிறம் நிறமாகப் பலகைகள் வந்துவிட்டன. எளியது, நடுத்தரம், கடினம் என்று ஒவ்வொன்றிலும் நேரத்தோடு எழுதியிருக்கிறது. கால் முடியவில்லை என்பதால் இழுவை வண்டியில் ஏறி, மேல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருவேன்.

போன செப்டம்பரில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துப் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும், இரண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும், எந்த வழியில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கைத்தடியால் பலகையைத் தட்டிக் காட்டி, உனக்கு முழங்கால் போய்விட்டது, உனக்கு அதை ஒத்துக்கொள்ளத்தான் தைரியமில்லை என்றாள். அவர், உன் பேச்சைக் கேட்டு நாற்பது வருடமாகத் தட்டையான வழியிலேயே நடந்துவிட்டேன் என்றார். மழை மேகம் வந்துகொண்டிருந்தது. கீழே போகும் வண்டி வந்தது, ஆள் ஏறியது, போயிற்று. அடுத்ததும் போயிற்று. என்னிடம் குடை ஒன்றுதான் இருந்தது. அவர்கள் சண்டை ஓயும்வரை நான் எழுந்திருக்கவில்லை.