நான் வெட்டிய மூன்றாம் பக்கம்

வாராவாரம் இந்த இடத்தில் யாரையாவது திட்டுவது என் வழக்கம். மாநகராட்சி, ஆட்டோக்காரர்கள், அபார்ட்மென்ட் அசோசியேஷன்... இந்த வாரம் திட்டு எனக்கு. முழுசாக எனக்கே. எங்கள் சபை பாஸ்டருக்குக் கொஞ்சம் தரலாமா என்று கடைசியில் பார்ப்போம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மந்தைவெளி மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் – "ஸ்தோத்திரம் பிரதர்."

எஸ்தர். எங்கள் சபைக்கு வருகிறவர். முன்பு ஆற்றோரம் குடியிருந்தார். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மயிலாப்பூரில் மூன்று வீட்டுச் சமையல் வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அதே இரண்டு பஸ்.

அவருக்கு மார்பில் கட்டி. டெஸ்ட்டெல்லாம் முடிந்து, அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். செவ்வாய் காலை அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன். தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். சபைக்கே தெரிந்த விஷயம்.

செவ்வாய்க்கிழமை துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நான் போவல பிரதர்," என்றார். கையில் இருந்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். "ரூத் டீச்சரம்மாக்கு இன்னா, கத்தி வெச்சா போச்சு? நீங்கதானே புக்குல போட்டீங்க. நாப்பது நாள் ஜெபம், கட்டி காணோம். எனக்கு இன்னிக்கு இருபத்தாறாவது நாள்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எங்கள் சபையின் மாத இதழ். மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கியிருந்தது. சாட்சிப் பக்கம்.

அந்தப் பக்கத்தை எடிட் செய்கிறவன் நான்.

சர்ச் பக்கம் வராதவர்களுக்கு ஒரு விளக்கம். சாட்சி என்பது எங்களிடம் ஒரு வழக்கம். கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்வார், அல்லது எழுதிக் கொடுப்பார். அதற்கு எழுதாத ஒரு ஃபார்முலா உண்டு. கஷ்டம், ஜெபம், அற்புதம். கடைசியில் சபை மொத்தமும் அல்லேலூயா சொல்லும். அல்லேலூயாவுக்கு வழிவிடாமல் இழுக்கிற சாட்சியை யாருக்கும் பிடிக்காது.

ரூத் டீச்சர் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். தி.நகரில் கணக்கு டீச்சர். சாட்சியையும் கணக்கு மாதிரியே எழுதியிருந்தார் – ஒரு ஸ்டெப் விடாமல். முதல் பக்கத்தில் கட்டி. இரண்டாம் பக்கத்தில் ஜெபம். மூன்றாம் பக்கத்தில் ஆபரேஷன், கீமோ, கொட்டிப்போன முடி, கடவுளோடு போட்ட சண்டை, இன்னமும் தினம் விழுங்குகிற மாத்திரை. நான்காம் பக்கத்தில் நன்றி.

இதழில் இருந்த இடமோ ஒரு பக்கம். எதை வெட்டுவது? யோசிக்கவேயில்லை. மூன்றாம் பக்கத்தைத் தூக்கினேன்.

அச்சில் வந்தது இதுதான்: எனக்கு மார்பில் கட்டி இருந்தது. சபையார் நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், கட்டி இல்லை.

மூன்று வாக்கியம். தனித்தனியாக எடுத்தால் மூன்றும் நிஜம். சேர்த்துப் படித்தால் பச்சைப் பொய்.

என் பைபிளில் சத்தியம் என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். இருபது வருஷத்துக் கோடு. இயேசு தன்னையே சத்தியம் என்று சொன்னார் என்று பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் நான் புரிந்துகொண்டிருந்தது வேறு. அவர் பெயருக்கு மகிமை சேர்க்கிறதெல்லாம் சத்தியம் – அப்படித்தான் மண்டைக்குள் பதிந்திருந்தது. ஆபரேஷன் டாக்டருக்குப் பெருமை, அதனால் அது வேண்டாம். இவ்வளவு மட்டமான கணக்கு.

மார்க்கெட்டிலேயே எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சருக்கும் ஆபரேஷன் நடந்தது, நான்தான் வெட்டினேன் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு சொல்றீங்க. புக்குல போய்ப் பொய் போடுவீங்களா பிரதர்?"

வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ரூத் டீச்சருக்கு போன் போட்டேன். இதழ் வந்த அன்றே ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை என்று அவர் மேலேயே பாய்ந்தேன். வெட்கம் கெட்டவன். எல்லோரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்களாம், அழுதார்களாம். அந்த நேரத்தில் மறுக்க வாய் வரவில்லையாம்.

"என் விக்கைப் பார்த்துக் கர்த்தர் குடுத்த முடின்னாங்க பிரதர். நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

வெள்ளிக்கிழமை பாஸ்டர் வீடு. மோசமான மனிதர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. உடனே எஸ்தரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது – தன் விசுவாசத்தை பாஸ்டர் சோதிக்கிறாராம், தான் தோற்கமாட்டாராம். போனை வைத்துவிட்டார்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் சொல்லிவிடலாம் என்றேன். பாஸ்டர் தயங்கினார். அடுத்த மாத இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடலாம் என்றார். ஜனங்களின் விசுவாசம் ஆடிப்போகுமாம். அடுத்த மாதமா? செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது ஐயா என்று கத்தினேன். உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் பைபிளில் வருகிற அந்தக் குருடன் ஞாபகம் வந்தான். பெத்சாயிதா ஊர்க்காரன். இயேசு அவன் கண்ணைத் தொட்டுவிட்டு ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். கேட்பது யார்? அவனைக் கூட்டிவந்தவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள்? எல்லாம் சூப்பராகத் தெரிகிறது ஆண்டவரே என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. ஆட்கள் நடமாடுகிறார்கள், ஆனால் மரம் மாதிரி தெரிகிறது என்கிறான். பாதி சுகம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். இயேசு கோபப்படவில்லை, மறுபடியும் கை வைத்தார். முழுப் பார்வை வந்தது.

அவன் நம் சபையில் இருந்திருந்தால் முதல் தடவையே அல்லேலூயா சொல்ல வைத்து அனுப்பியிருப்போம் ஐயா, வாழ்நாள் பூராவும் மனுஷனை மரம் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருப்பான் – என்றேன்.

பாஸ்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அஞ்சு நிமிஷம் தரேன். நீங்களே சொல்லுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்று மூன்றாம் பக்கத்தை அப்படியே வாசித்தேன். இதை வெட்டியது நான், டீச்சர் ஒளிக்கவில்லை என்றும் சொன்னேன். அல்லேலூயா வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போனார். எஸ்தர் நாலாவது வரிசையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார். என் குரல் காதில் விழாமலிருக்க.

தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ரூத் டீச்சர் எழுந்தார். நேராகப் போய் எஸ்தரின் தோளைத் தொட்டார். "வாம்மா. காமிக்கிறேன்."

பாஸ்டர் அங்கி மாற்றுகிற சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷம். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சாவிலிருந்து எழுந்த இயேசுவே சந்தேகப்பட்ட சீஷனிடம் காயத்தைத்தானே காட்டினார்? தழும்பில்லாத புது உடம்போடு வந்திருக்க முடியாதா அவரால்?

எஸ்தர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். திங்கட்கிழமை முழுக்க போன் ஸ்விட்ச் ஆஃப்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நானும் டீச்சரும். ஏழரை. எட்டு. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நின்று போனது. நான் ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். ஜெபிக்கவில்லை. பயந்துகொண்டு நின்றேன்.

எட்டே காலுக்கு எஸ்தர் ரோட்டைத் தாண்டி வந்தார். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் துணிப்பை. டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"பொழைச்சா புக்குல போடுவீங்க. தெரியும். செத்துட்டா?"

"போடுவேன்."

"ரெண்டாவது பக்கத்தோட நிறுத்திக்கினு போயிட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அப்ப இத்தப் பிடிங்க," என்று துணிப்பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார்.

இதை எழுதுவது புதன்கிழமை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மணி ஒன்று. ஆபீஸிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது, பத்தி எங்கே என்று. வாசகர்களுக்கு நல்லபடியாக ஒரு முடிவு வையுங்கள் சார் என்கிறார் உதவி ஆசிரியர்.

பாஸ்டரைத் திட்டுவதாகச் சொன்னேன் இல்லையா? அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விட்டுவிடுகிறேன்.

கதவு இன்னும் திறக்கவில்லை. அதனால் முடிவும் கிடையாது.