அக்காவின் சேஜ் செடி

கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்துக் குடிவந்த புதிதில், பக்கத்து வளவில் ஊதாப் பூவோடு நின்ற செடியைத் துளசி என்று நினைத்துக் கைகூப்பிவிட்டேன். வேலிக்கு அப்பால் நின்ற மருத்துவமாது அக்கா சிரித்துவிட்டார். "இது சேஜ், பிள்ளை. பூவுக்கும் வாசத்துக்கும் வைச்சிருக்கிறன். கும்பிடவேண்டாம், கசக்கி மணந்து பாருங்கோ" என்றார். கற்பூரமும் தேசிக்காய்த்தோலும் சேர்ந்தாற்போல ஒரு மணம். நெடுநேரம் விரலில் நின்றது.

அக்கா பண்டாரவளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். தனியாள். அந்தக் குளிர்ந்த மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்தச் செடிக்காகக் கிரவல் கற்கள் கலந்து மண்ணை உயர்த்தி, பின்னேரம் நிழல் விழும் இடமாகப் பார்த்து நட்டிருந்தார். மாரிமழைக்குத் தென்னோலைக் கிடுகு சாய்த்துவைப்பார். வாடினாற்போல் தெரிந்தால் நான் இரக்கப்பட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு போவேன். "ஊத்தாதையுங்கோ. வேர் ஈரத்தில நிண்டா அழுகிப்போம்" என்று தடுப்பார். பிரசவம் பார்க்கக் கொலனியெல்லாம் சைக்கிளில் அலைந்துவிட்டு வருபவர், வீட்டுக்குள் போகுமுன் அதனருகில்தான் நிற்பார்.

ஒரு பங்குனிக் காலை, வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் அக்காவின் வாசற் படலையில் வந்து நின்றார். பண்டாரவளையிலிருந்து ரயிலில் வந்ததாக, வேலியோரம் நின்ற என்னிடம் சொன்னார். செடியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் முறிச்சுக் குடுத்த தடி இவ்வளவு வளந்திட்டுதே!" என்றார்.

அக்கா வெளியே வந்தார். அவரை நேராகப் பார்த்து, "ஆர் நீங்கள்? ஆரைத் தேடி வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "வீடு மாறி வந்திட்டன் போல" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

அன்று பின்னேரமே அக்கா கிணற்றில் வாளி வாளியாக அள்ளிச் செடிக்கு ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். பொறுக்க முடியாமல் கேட்டேன்:

"அழுகிப்போமெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான்" என்றார். வாளி நிற்கவில்லை.

கோபமென்றால் பிடுங்கி எறிந்திருக்கலாம். அன்பென்றால் சும்மா விட்டிருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது பிடிபடவில்லை. இலைகள் கறுக்கத் தொடங்கியபோது, பழுதுபடாத ஒரு கொப்பை முறித்து வேலிக்கு இப்பால் என் வளவில் ஊன்றிவைத்தேன். ஏன் செய்தேன் என்பதும் தெரியவில்லை.

அக்காவின் செடி அழுகிப்போனபின் என்னுடையது பூத்தபோது மறைக்க வழியில்லை, காட்டவும் துணிவில்லை. வேலைக்குப் புறப்பட்ட அக்காவே வேலியால் எட்டிப் பார்த்தார். "ஒரு பூக்கொப்பு முறிச்சுத் தாங்கோ" என்றார். கொடுத்தேன். மணந்து பார்ப்பார் என்று நினைத்தேன். இல்லை, பிரசவப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அழுகிறாரோ என்று பார்க்கப் படலைக்கு ஓடினேன். அவர் மணியை அடித்துக்கொண்டே போனார். வழிவிடத் தெருவில் ஒரு மாடுகூட நிற்கவில்லை.