நாய் உட்கார்ந்த மூடி

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மருமகள் திருகிப் பார்த்தாள். மகன் ஈரத்துணியை வைத்துத் திருகிப் பார்த்தான். பேரன் கதவிடுக்கில் கொடுத்து நெரித்ததில் கதவுதான் கிறீச்சிட்டது. கடைசியில் டப்பா என் மடிக்கு வந்தது.

"மாமா, நீங்கதான் மூடிக்காரராச்சே. தொறங்க பாப்போம்" என்றாள் மருமகள்.

கவிழ்த்து வைத்து அடியில் நாலு தட்டுத் தட்டினேன். திறந்துகொண்டது. உள்ளேயிருந்த உப்பு நார்த்தங்காய் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஐம்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன். விழுந்த இடம் அரிமளம்.

அங்கே போவதற்கு முன்னால் இந்த மூடிக்காரர் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் மூடி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. என்னிடம் ஒரு காலத்தில் முப்பத்தொன்பது பீங்கான் மூடிகள் இருந்தன. சீனாவிலிருந்து வந்தவை பாதி, ஜப்பானிலிருந்து வந்தவை பாதி. சாடி ஒன்றுகூடக் கிடையாது. வசதியுள்ளவர்கள் சாடி சேர்ப்பார்கள், ஜப்பான் பொம்மை சேர்ப்பார்கள், டிராகன் போட்ட பூந்தொட்டி சேர்ப்பார்கள். எனக்கு வாய்த்தது மூடி. இன்றைக்கும் கூரியர் கொண்டுவருகிற பையன் தெருமுனையில் நின்று "மூடி வீடு எதுங்க?" என்று கேட்டுத்தான் வருகிறான்.

எனக்குப் படிப்புக் கிடையாது. இரண்டாம் வகுப்பிலேயே நானும் வாத்தியாரும் பேசிப் பிரிந்துவிட்டோம். மீசை முளைத்ததும் சாத்தையா மேஸ்திரியிடம் வீடு பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அரிமளம் பக்கம் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள். பர்மாத் தேக்கு, சுவரில் ஜப்பான் பூ ஓடு, சாமான் போட்டு வைக்கிற கிட்டங்கி அறையில் ஆள் உயரத்துக்குச் சீனச் சாடி என்று கப்பல் கொண்டுவந்ததெல்லாம் அந்த வீடுகளில் இருக்கும். பங்காளிகள் பெருகி, ஆளுக்கு ஒரு ஊரில் போய் உட்கார்ந்துகொண்டால், வீட்டைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். முதலில் பழஞ்சாமான் கடைக்காரர்கள் வந்து கதவு, தூண், சாடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம்தான் நாங்கள் கடப்பாரையோடு நுழைவோம்.

முதல் நாளே ஒரு மயில் ஓட்டைச் சுவரிலிருந்து நெம்புகிறேன் பேர்வழி என்று மயிலின் கழுத்தைத் திருகிவிட்டேன். மேஸ்திரி துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா, ஜப்பான்லேருந்து ஒடையாம வந்துச்சு. இத்தன வருசமா சொவத்துல ஒடையாம இருந்துச்சு. ஒன் கை படுறதுக்குன்னே காத்துக்கெடந்துச்சாடா?"

அதோடு என்னைச் சுவர்ப் பக்கம் விடவில்லை. "அங்கிட்டுப் போயிப் பரண ஒழி, போ" என்று விரட்டினார். அந்தப் பரணில்தான், வௌவால் புழுக்கைக்கு நடுவில், என் முதல் மூடி கிடந்தது. வெள்ளைப் பீங்கான், நீலக்கொடி ஓடியது. உச்சியில் பிடித்துத் தூக்குவதற்கு ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. சுருட்டை முடி, உருண்ட கண், வாயைப் பிளந்து ஒரு சிரிப்பு. எங்கள் ஊரில் அந்தச் சாதி நாயை நான் பார்த்ததில்லை.

அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டு ஆச்சி பார்த்துவிட்டார்கள். கடைசியாக ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

"அடேய், அந்த நாயை எங்கடா புடிச்சே?"

"பரண்ல ஆச்சி."

"எங்க மாமியா வீசுனது. கப்பல்லேருந்து எறங்குன அன்னைக்கே, நார்த்தங்கா சாடி மேல நாய் உக்காந்தா எப்படி வாயில வைக்கிறதுன்னு மூடியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாக. அதுலேருந்து சாடிக்குத் துணியில வேடுதான் கட்டுனோம்."

"சாடி எங்கிட்டு ஆச்சி?"

"நேத்துத்தான் கடைக்காரன் ஏத்திட்டுப் போனான். ஒரு நா முந்தி வந்திருக்கக் கூடாதா ஒன் நாய்?"

சாடி எப்படி இருக்கும் என்று கேட்டேன். பாலத்தின் மேல் குடை பிடித்து ஒருத்தன் போவான் என்றார்கள். மாமியார் கரண்டியைத் தட்டித் தட்டி வாய் விளிம்பில் ஒரு நெல் அளவுக்குப் பேர்ந்திருக்கும் என்றார்கள். "நீயே வச்சுக்க. குரைச்சா என்னையக் கேக்காதே" என்று சிரித்தார்கள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தக் கிறுக்கு. இந்த நாயை ஒரு தடவையாவது அதன் சாடியில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்த வயதில் எனக்கு அவ்வளவு பெரியதாக இருந்ததில்லை, கல்யாணம் உட்பட.

பிறகு போகிற வீடெல்லாம் பரணுக்கு நான்தான் முதலில் ஏறுவேன். பார்த்தால், ஊர் முழுக்க அந்த மாமியார் மாதிரி மாமியார்கள்தான் இருந்திருக்கிறார்கள். நாய், குரங்கு, தவளை, எது உச்சியில் உட்கார்ந்திருந்தாலும் மூடி பரணுக்குப் போயிருக்கிறது. அடியில் விரல் வைக்கும்போது மணல் மாதிரி நெருடினால் சீனா, வழவழ என்றிருந்தால் ஜப்பான். இது நானாகக் கட்டிய சட்டம், தப்பாகவும் இருக்கலாம். உள்பக்கத்தில் இருக்கும் எழுத்தை ஏணி, மாட்டுக்கொட்டகை, சம்மணம் போட்ட ஆள் என்று படித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சௌகரியம், எம்.ஏ. படித்தவனும் அதற்கு மேல் படிக்க முடியாது.

கல்யாணம் ஆகி சின்னப்பொண்ணு அன்னவாசலிலிருந்து வந்தாள். மூன்றாம் நாள் மூலையில் இருந்த சாக்கைப் பிரித்தாள்.

"ஏங்க, இதுக்கெல்லாம் சாடி எங்கிட்டு இருக்கு?"

"தெரியாது."

"சாடி இல்லாமயா இத்தன மூடி? எங்கய்யா மாப்பிள்ளை பாத்த லட்சணத்தப் பாரு!"

நீங்கள் நினைக்கிற அந்தப் பழைய சொல்லை எங்கள் கல்யாணப் பந்தியில் எத்தனையோ பேர் சொல்லிச் சிரித்தார்கள். நான் சொல்லமாட்டேன். சின்னப்பொண்ணு சொன்னது வேறு. நான் மேஸ்திரி கதை, பரண் கதை என்று ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு நடுவில் கையைக் காட்டுவாள். "வீடு பூரா மூடி. ஒங்க வாய்க்கு ஒண்ணு சிக்கலையா? கொஞ்சம் மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க." நாற்பது வருஷத்துக்கு மேல் இதே பேச்சுத்தான். ஒரு நாள்கூட அலுக்காமல் சொல்வாள்.

ஆனால் நாய் மூடியை அவள்தான் வேலைக்குச் சேர்த்தாள். மோர்ப் பானைக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது. பூனை தட்டிவிட முடியாத கனம். "நாயப் பாத்துத்தான் பூனை வர மாட்டேங்குது" என்று அவள் அடித்துச் சொல்வாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு தம்பி இறங்கினார். பழஞ்சாமான் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவராம். மூடிக்காரர் பேர் அவர் காது வரை போயிருக்கிறது. கம்பளியில் சுற்றி ஒரு சாடியைத் தூக்கிவந்து என் முன்னால் இறக்கினார். பாலம். பாலத்தின் மேல் குடை பிடித்து ஒருத்தன். என் கை தானாக வாய் விளிம்பில் சுற்றி வந்தது. நெல் அளவு பள்ளத்தில் விரல் நின்றது.

"இதுக்கு மூடி மட்டும் இல்லைங்கய்யா. உச்சியில சிங்கம் இருக்கணும். இருக்கா?"

இத்தனை வருஷம் காத்திருந்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்ல தம்பி" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சேர்த்து வைத்தால் சேர்த்தே கொண்டுபோய்விடுவார் என்று நாக்கு முந்திக்கொண்டது. "சிங்கம் இல்ல" என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அது பொய் இல்லை பாருங்கள், என்னிடம் இருந்தது நாய்தானே?

வெயிலில் வந்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? சின்னப்பொண்ணு இடுப்பில் மோர்ப் பானையோடு வந்தாள். பானை மேல் நாய் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு வந்தது.

தம்பி டம்ளரை வாங்க மறந்து எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, அது சிங்கம்!"

"போங்க தம்பி. நாப்பது வருசமா பூனை வெரட்டுது. சிங்கம் இந்த வேலையா பாக்கும்?"

பிறகு அவள் சாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடியை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"வையுங்க."

வைத்தேன். ஒரு சுற்றுத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. குடைக்காரனுக்கு நேர் மேலே, அவனையே பார்த்துச் சிரித்தபடி. நான் திறந்து திறந்து நாலைந்து தடவை வைத்துப் பார்த்தேன்.

தம்பி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். நான் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. சின்னப்பொண்ணுதான் என் காதருகில் வந்தாள். "நீங்களும் அந்த மாமியா மாதிரி பிரிச்சு வைக்கப் போறீங்களா?" பிறகு தம்பியிடம் திரும்பினாள். "எம் மோருக்கு ஒரு மூடி வேணும் தம்பி. கனமா இருக்கணும்."

கையை எடுத்தேன். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் இருவரும் நின்று பார்த்தோம். தம்பி சொன்ன சொல் தவறவில்லை, மறுவாரமே நல்ல கனமான பித்தளை மூடி அனுப்பினார். அதற்குள் பூனை நாலு நாள் மோர் குடித்துவிட்டது. "நாந்தான் சொன்னேன்ல?" என்றாள் சின்னப்பொண்ணு.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மோர்ப் பானையும் போய்விட்டது. மோர் இப்போது பாக்கெட்டில் வருகிறது. பூனைக்கும் இங்கே வேலை இல்லை. மற்ற மூடிகள் அதே சாக்கில் இருக்கின்றன. ஒன்றிரண்டை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன்.

அன்றைக்கு டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டுப் பரண் கதையை ஆரம்பித்தேன். மருமகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் போனைப் பார்த்தபடி "ம்" போட்டான். சோறு ஆறிப்போனது. நான் பாதியில் நிறுத்தி, ஒரு பழக்கத்தில், அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மூடிக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசிவிட்டேன்.