ஒடெஸாவின் இடது கன்னம்

ரெனிட்டா பெட்டிஃபோர்டுக்குப் பதினான்கு வயதில் முகம் முழுக்கப் பரு. பரு போனது, தழும்பு போகவில்லை. கறுத்த தோலில் ஒரு பரு வந்து போனால் அதன் கறை மாசக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இது நூவார்க் நகரத்தில் அவள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் தெரியாது. அவர் கொடுத்த களிம்பில் தோல் உரிந்ததுதான் மிச்சம். அந்தக் கடுப்பில்தான் வேதியியல் படித்து, பக்கத்து ஊரான லிண்டனில் ஒரு சின்ன லேபில் சேர்ந்தாள். மற்ற கம்பெனிகளுக்கு முகக் களிம்பு கலந்து கொடுக்கிற இடம். இருபத்திமூன்று வருஷம் அங்கேதான், ஒருநாள் கூடப் பவுடர் இல்லாமல் போனதில்லை.

அந்த லேபில் ஒரு பழக்கம். கலந்தவரே முதலில் தன் முன்கையில் பூசிப் பார்க்க வேண்டும். எரியவில்லையென்றால், விருப்பப்பட்டு வருகிற ஒருத்தருக்கு ஒரு கன்னத்தில் புதுக் களிம்பு, மறு கன்னத்தில் வெறும் க்ரீம். அங்கே எப்போது போனாலும் யாராவது ஒருத்தர் பாதி முகம் மட்டும் பளபளவென்று நடமாடிக்கொண்டிருப்பார்.

ஒரு ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். பருவுக்குச் சாலிசிலிக் அமிலம், தழும்புக்குக் கிளைகாலிக் அமிலம், கூடவே தோலைப் புதுப்பிக்க ரெட்டினால். மூன்றும் ஒரே புட்டியில் வேண்டும், மூன்றும் முழு அளவில் வேண்டும். தனித்தனியாக நல்ல சரக்குதான், சேர்த்துப் போட்டால் தோல் தாங்குமா? ரெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி வால்ட் கேட்டதைச் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கலந்தாள், முன்கையில் பூசினாள், மூன்று நாள் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. சரி, நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடக் கடவுளே, எப்படி ஆகும்? இருபத்திமூன்று வருஷம் கண்டதையும் பூசிப் பூசி அந்தக் கை மரத்துப்போயிருந்தது. இவ்வளவு படித்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

பேக்கிங்கில் வேலை செய்யும் ஒடெஸா அக்காதான் கன்னம் கொடுக்க வந்தாள். வயது அறுபது, தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது வருஷம். வருகிற ஈஸ்டருக்குத்தான் முதல்முறையாகத் தனியாகப் பாடச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் இடது கன்னம் சிவந்து உரிந்தது. உரிந்த இடத்தில் கால் டாலர் காசளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு கறை விழுந்தது.

ரெனிட்டா பேக்கிங் மேசைக்கு எதிரே போய் நின்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"என் கையை நம்பி உங்க முகத்தைக் கெடுத்துட்டேன்க்கா."

ஒடெஸா புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். "அழுது முடிச்சியா? முடிச்சுட்டுப் போய் இதுக்கு மருந்து கலந்து கொண்டா. ஈஸ்டருக்குப் பன்னெண்டு வாரம் இருக்கு. வேற எவ கிட்டயும் நான் மூஞ்சியைக் குடுக்கமாட்டேன்டி."

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். ரெனிட்டா நேராக வால்டிடம் போய், அந்தப் புட்டி வெளியே போனால் நானும் வெளியே போகிறேன் என்றாள். அவர் குதித்தார். பிறகு பேக்கிங் பக்கம் வந்து ஒடெஸாவின் கன்னத்தைப் பார்த்தவர், வாடிக்கையாளருக்குப் போன் போட்டு அந்தக் கலவை கிடையாது என்றார்.

இந்தத் தடவை இரண்டே சரக்கு. கறைக்கும் பருவுக்கும் அசெலாயிக் அமிலம், தோலைச் சாந்தப்படுத்த நியாசினமைடு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. ஆனால் அந்த அமிலம் சூட்டில் கரைந்து, ஆறியதும் ரவை ரவையாகத் திரண்டு மானத்தை வாங்கும். இரண்டு கலவையைக் கொட்டினாள். மூன்றாவதை மெதுவாக ஆறவிட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள், வழவழவென்று வந்தது.

முன்கையில் பூசவில்லை. பவுடரைத் துடைத்துவிட்டுத் தன் கன்னத்திலேயே பூசி இரண்டு வாரம் அப்படியே வேலைக்கு வந்தாள். லேபில் அவள் தழும்புகளை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஒடெஸாவும் பார்த்தாள்.

"இதையா இத்தனை வருஷம் மூடி வச்சிருந்த, பைத்தியக்காரி?" என்றவள் கையை நீட்டினாள். "குடு புட்டியை."

ஈஸ்டர் ஞாயிறு. கறை முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். லேசாக ஒரு நிழல் இருந்தது. பாடகர் குழுத் தலைவர் இடது கன்னம் சுவர்ப் பக்கம் போகும்படி ஒடெஸாவை ஓரமாக நிறுத்தியிருந்தார். அவள் முறை வந்ததும் நாலடி முன்னே வந்தாள். ரெனிட்டா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடி, இடது கன்னம் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்று பாடினாள். பவுடர் இல்லாத முகத்தோடு ரெனிட்டா தேம்பித் தேம்பி அழுதாள். இப்படி ஒரு மனுஷியைத் தனக்குக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் ஒடெஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லத் தொடங்கினாள்.

"சரி சரி, விடு," என்றாள் ஒடெஸா. "அடுத்து எதையாவது கலந்தா சொல்லியனுப்பு. வலது கன்னம் சும்மாத்தான் இருக்கு."